கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு காது

மார்ச் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை, செவிலியர் முதுநிலைக் கல்லூரியின் வாசற்கதவில் ‘நோயாளிகள் உள்ளே வரக் கூடாது’ என்ற பலகை மாட்டப்பட்டது.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அங்கே ஓர் அசம்பாவிதம் நடந்திருந்தது. விரல் வீங்கிய தச்சர் ஒருவர், கட்டடத்தின் முகப்பில் ‘முதல்நிலை மருத்துவக் கவனிப்பு’ என்று பெரிய எழுத்தில் இருந்ததை நம்பி, விரலைத் தூக்கிப் பிடித்தபடி மாடியேறி வகுப்பறைக்குள் வந்துவிட்டார். உள்ளே ‘நோயாளியை வரவேற்பது எப்படி’ என்ற பாடம் நடந்துகொண்டிருந்தது. அவரால் பாடம் தடைபட்டது. காவலாளி வந்து அவரைக் கீழே இறக்கி விட்ட பிறகு, வரவேற்பு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

பலகை மாட்டிய அதே திங்கட்கிழமைதான் ஊசியக்கா அந்தக் கல்லூரியில் சேர வந்தாள். அவளுக்கு நல்ல ஜலதோஷம். பலகையைப் படித்தவள், தும்மலை அடக்கிக்கொண்டு, குற்றவாளிபோல உள்ளே நுழைந்தாள்.

ஊசியக்காவின் சொந்தப் பெயர் அவளுடைய நியமன உத்தரவுக்கு மட்டும்தான் தெரியும். சிமெண்ட் ஆலைக்குப் பின்னால், லாரிகள் திரும்பும் முக்கில், ஓர் ஒற்றை அறை சுகாதார நிலையம் இருந்தது. அவள் அங்கே நர்ஸ். டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் வருகிற நோய், வியாழன் வரை தாங்குமா தாங்காதா என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை. காய்ச்சலா, தொட்டுப் பார்த்தால் தெரியும். புண்ணா, கண்ணுக்கே தெரியும். காது மட்டும் அவளுக்குப் பிடிபடாது. வெளியே பார்த்தால் எல்லார் காதும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. உள்ளே ஒரே இருட்டு. ஆலைத் தூசியில் வளர்கிற பிள்ளைகளுக்கோ காதுவலிக்குக் குறைவே இல்லை. அத்தனை பேரையும் அவள் பேருந்தில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பேருந்தை ஓட்டுவது அவள் கணவன்.

“இன்னைக்கும் உன் ஆளுங்க ரெண்டு பேர் ஏறினாங்க,” என்பான் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும். “ஒண்ணு வழி பூரா கத்திக்கிட்டே வந்துச்சு. எனக்கு கியரு எது பிரேக்கு எதுன்னு மறந்துபோச்சு.”

இந்த நிலையில்தான் சுகாதாரத் துறை ஒரு முடிவெடுத்தது. வருஷக் கடைசியோடு வியாழக்கிழமை டாக்டரும் நின்றுவிடுவார். தானே நோயாளியைப் பார்த்து, தானே மருந்து எழுதித் தரும் தகுதியுள்ள முதுநிலைச் செவிலியர் ஒருவர் இருந்தால் நிலையம் தொடரும்; இல்லாவிட்டால் பூட்டு. ஆகவே ஊசியக்கா படிக்கப் போனாள். பூட்டைத் தடுக்க வேண்டும் என்பது ஒரு காரணம். காதுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவள் யாரிடமும் பெரிதாகச் சொல்லாத இன்னொரு காரணம்.

முதல் நாள் முதல்வர் அம்மையார் வரவேற்புரை ஆற்றினார்.

“நோயாளி என்பவர் யார்?” என்று கேட்டுவிட்டு, யாராவது பதில் சொல்லிவிடப் போகிறார்களே என்ற அவசரத்தில் அவரே தொடர்ந்தார். “அவர் தரப்படுத்தப்படாதவர். பாடத்திட்டத்தைப் படித்துவிட்டு அவர் நோய்வாய்ப்படுவதில்லை. மூன்றாம் பருவத்தில் வர வேண்டிய நோயோடு முதல் பருவத்திலேயே வந்து நிற்கிறார். ஒரே ஆளுக்கு நாலு நோய் இருக்கிறது. எதற்கு மதிப்பெண் போடுவது? எனவேதான் இந்தக் கல்லூரி நோயாளியைத் தாண்டிச் சிந்திக்கிறது. பெருமையோடு சொல்கிறேன். நான் இந்தத் துறைக்கு வந்த நாள் முதல் இன்றுவரை, என் கையில் ஒரு நோயாளிகூட இறந்ததில்லை.”

கைத்தட்டல் எழுந்தது.

“கையில ஒருத்தர்கூட வந்ததில்லையே, அப்புறம் எங்க சாகறது?” என்று பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் முணுமுணுத்தது. குரலுக்குரியவள் கழுத்துவரை கம்பளி போர்த்தியிருந்தாள். கல்லூரியின் குளிர்சாதனம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு துணி ஆலையின் மருத்துவ அறையிலிருந்து வந்திருந்தாள். அன்றிலிருந்து அவள் பெயர் கம்பளி.

மறுநாள் செய்முறை வகுப்பு. அதற்குப் பொறுப்பான பேராசிரியரை மாணவிகள் தட்டல் சார் என்பார்கள். நோயாளியின் அறைக் கதவைத் தட்டும் திறனில் அவர்தான் நாட்டிலேயே முதல் நிபுணர். மூன்று தட்டு; தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு மூச்சு; கதவு திறந்ததும் பல் தெரியாத புன்னகை. இதற்கு ஒரு பருவம் ஒதுக்கப்பட்டிருந்தது.

“சார், எங்க சென்டர்ல கதவு கிடையாது,” என்றாள் ஊசியக்கா. “திரைச்சீலைதான் தொங்குது.”

தட்டல் சார் நெடுநேரம் யோசித்தார். திரைச்சீலையைப் பற்றி எந்த ஆய்வும் இல்லை.

“பக்கத்துச் சுவரைத் தட்டுங்க,” என்றார் கடைசியில்.

அன்று மாலை அவள் வீட்டிலும் பயிற்சி எடுத்தாள். படுக்கையறைத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று சுவரை மூன்று முறை தட்டி, “உள்ளே வரலாமா? நான்தான் இன்று உங்களைக் கவனித்துக்கொள்ளப்போகும் செவிலியர். உங்களுக்கு இது எவ்வளவு சிரமமாக இருக்கும் என்பது எனக்குப் புரிகிறது,” என்றாள்.

வண்டி ஓட்டி இடுப்பு விட்டுப்போய்ப் படுத்திருந்த கணவன் எழுந்து உட்கார்ந்தான்.

“இன்னைக்குக் கவனிச்சுக்கப் போறியா? அப்போ இத்தனை வருஷமா கவனிச்சது யாரு?”

“பாடம்ங்க. கொஞ்சம் சும்மா இருங்க.”

“அண்ணி, அண்ணன் கஷ்டம் உங்களுக்குப் புரிஞ்சுதா?” என்று அடுப்படியிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள். “அப்படியே என் கஷ்டமும் புரிஞ்சா இந்தப் பாத்திரத்தையெல்லாம் கொஞ்சம் கழுவி வைங்க.”

“காதைப் பத்தி எப்போ சொல்லித் தருவாங்களாம்?” என்று கணவன் கேட்டான். “வேணும்னா என் காதைப் பாரேன். கல்யாணமானதிலேர்ந்து நீ சொன்னதெல்லாம் அதுக்குள்ளதான் அப்படியே கெடக்கு.”

காதுப் பாடம் இரண்டாம் பருவத்தில் வந்தது. கல்லூரியில் ஒரு காது இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ரப்பர் காது. உள்ளே சவ்வு, எலும்பு எல்லாம் உண்டு என்றார்கள். செய்முறைக் கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள், கீழே வெல்வெட்டு விரித்து, அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். பெட்டியைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு.

கல்லூரியின் முதல் அணி மாணவர்கள் அந்தக் காதைத் தொட்டுப் பார்த்துப் படித்ததில் மடல் கொஞ்சம் கிழிந்துவிட்டது. தணிக்கைக்காரர்கள் விளக்கம் கேட்டார்கள். இனி காது தேயக் கூடாது என்று கல்லூரிக் குழு மூன்று அமர்வுகள் கூடி ஒரு விதி செய்தது. அந்த விதிதான் பித்தளை எழுத்துகளில் சுவரில் பதிக்கப்பட்டிருந்தது: ‘சொன்னால் செய்ததாகும்.’

மாணவிகள் வரிசையில் வந்து மஞ்சள் கோட்டில் நின்றார்கள். ஒவ்வொருத்தியும், “இப்போது நான் காதைப் பார்க்கிறேன்,” என்று தெளிவாகச் சொன்னாள். தட்டல் சார், “காது இயல்பாக உள்ளது. அடுத்தது,” என்றார்.

ஊசியக்காவின் முறை வந்தது. அவள் சொன்னாள். அவரும் சொன்னார். அவள் நகரவில்லை.

“சார், இயல்பான காது உள்ளே எப்படி இருக்கும்?”

“இயல்பா இருக்கும்.”

“இயல்பா இல்லாத காது?”

“அது நம்ம காலேஜ்ல இல்லம்மா.”

“ஒரே ஒரு தடவை பெட்டியைத் திறந்து காட்டினீங்கன்னா...”

“சாவி ஸ்டோர் கீப்பர்கிட்ட இருக்கு. அவர் வேற டிபார்ட்மென்டுக்கு மாத்தலாகிப் போயி ரொம்ப நாளாச்சு. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க பாருங்க.”

நல்ல விதி ஒரு கூடத்துக்குள் அடைந்து கிடக்காது. பெருக்குகிற அம்மாள் ஒரு நாள் கூடத்தின் வாசலில் நின்று, “பெருக்கிட்டேன்,” என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தோடு திரும்பிப் போனாள். ஐந்தாவது மாடிக்கு லிஃப்ட் கேட்டால், “லிஃப்ட் ஓடுது,” என்றார் காவலாளி, மாடிப்படியைக் காட்டியபடி. கேன்டீனில் கம்பளி டீ கேட்டபோது, “கொடுத்துட்டேன்,” என்றார் டீக்காரர். “குடிச்சிட்டேன்,” என்றாள் கம்பளி. இருவரும் ஒருவரையொருவர் மதிப்போடு பார்த்துக்கொண்டார்கள். தரச்சான்று வழங்கும் குழு வந்தபோதுதான் இந்த முறையின் முழு அழகும் வெளிப்பட்டது. குழுவினர் முதல்வர் அறையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். “எங்களிடம் நவீன ஆய்வகம் இருக்கிறது,” என்றார் முதல்வர். “பார்த்தோம்,” என்றார் குழுத் தலைவர். “நூலகமும்.” “அதையும் பார்த்தோம்.” கல்லூரிக்கு உச்சபட்ச தரம் கிடைத்தது. வாய்ப்பந்தலுக்குக் கால் ஊன்றவும் வேண்டாம், ஓலை வேயவும் வேண்டாம்.

மூன்றாம் பருவத்தில் ஒரு சிக்கல் வந்தது. ஒவ்வொரு மாணவியும், முதுநிலைப் பட்டம் பெற்று நேரடியாக நோயாளிகளைக் கவனிக்கும் ஒரு செவிலியரிடம் களப்பயிற்சி பெற வேண்டும் என்பது விதி. ஊசியக்கா அப்படி ஒருவரைத் தேடி அலைந்தாள். பட்டம் பெற்றவர்கள் எல்லாரும் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாருக்கும் பட்டம் இல்லை. கிணற்றில் கல்லைப் போட்ட மாதிரி அவள் விண்ணப்பம் முதல்வர் அறையில் கிடந்தது. பிறகு தீர்வு வந்தது: மாணவிகளே ஒருவருக்கொருவர் நோயாளியாக இருந்துகொள்ளலாம். நோய்கள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படும்.

கம்பளிக்குக் கர்ப்பம் விழுந்தது. ஊசியக்காவுக்கு முழங்கால் வலி. வகுப்பின் ஒரே ஆண் மாணவர், ஆறடி உயரக்காரர், அவருக்குக் கக்குவான் இருமல். அவர் வெட்கப்பட்டு இருமவே இல்லை. போதாக்குறைக்கு மழைக்காலம் வந்து ஊசியக்காவுக்கு நிஜமாகவே இருமல் பிடித்துக்கொண்டது. வகுப்பில் இருமினாள்.

“இருமல் உங்களுக்கு ஒதுக்கலையே,” என்றார் தட்டல் சார்.

“நிஜ இருமல் சார்.”

“நிஜமோ என்னவோ, அது அவருக்கு ஒதுக்கினது. மாத்திக்கணும்னா முதல்வர் கையெழுத்து வேணும். அதுவரைக்கும் நீங்க நொண்டணும்.”

அவள் நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். “படிக்கப் போன இடத்துல காலையும் ஒடிச்சு அனுப்பிட்டாங்களா?” என்றாள் நாத்தனார். கணவன் மட்டும் சிரிக்கவில்லை. அன்று ஆலைக் குடியிருப்புப் பிள்ளை ஒன்று காதிலிருந்து சீழ் வடிய வண்டியில் வந்திருந்தது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று நின்று போனதில் ஆஸ்பத்திரியின் புறநோயாளிப் பிரிவு மூடிவிட்டது.

“திரும்ப நானே கூட்டிக்கிட்டு வந்து விட்டேன்,” என்றான். “டிசம்பருக்கு அப்புறம் அந்த சென்டரும் பூட்டிட்டா, பஸ்ஸையே ஆஸ்பத்திரியாக்கிட வேண்டியதுதான். நீ பாஸாயிடுவேல்ல?”

“ஆயிடுவேன்,” என்றாள்.

டிசம்பரில் இறுதித் தேர்வு. ஒரு சிறிய அறை, ஒரு கட்டில், கட்டிலில் ஒரு நோயாளி. அவர் உண்மையில் நாடக நடிகர்; தேர்வுக்காக வரவழைத்திருந்தார்கள். வசனம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மேஜைமேல் காது பார்க்கும் கருவி ஒன்று புத்தம்புதிதாக இருந்தது. அதை யாராவது எடுப்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்காததால், அதில் பேட்டரி போட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மூலையில் தட்டல் சார் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தார்.

ஊசியக்கா தட்டினாள். பல் தெரியாமல் புன்னகைத்தாள். சிரமம் புரிவதாகச் சொன்னாள்.

“எனக்கு மூன்று நாட்களாகக் காதில் வலி,” என்றார் நடிகர், அரங்கின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படியாக.

இங்கே அவள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். ஆனால் கை மேஜைப் பக்கம் போய்விட்டது. கருவியின் குமிழைத் திருகினாள், விளக்கு எரிந்தது. ஒரு வருஷமாக ஒரு காதுக்காகக் காத்திருந்தவளுக்கு முன்னால் ஒரு காது, உயிரோடு, சூடாக, ஓரத்தில் இரண்டு நரைமுடியோடு இருந்தது. மடலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக் குனிந்து பார்த்தாள்.

ஒரு சின்னச் சுரங்கம். மெழுகு மாதிரி ஏதோ சுவரில் ஒட்டியிருந்தது. அதைத் தாண்டி, கடைசியில், சிப்பியின் உட்புறம்போல வெளிறி மினுங்கும் ஏதோ ஒன்று.

“சொல்லுங்க,” என்றார் தட்டல் சார்.

“இருங்க சார். பார்த்துக்கிட்டிருக்கேன்.”

“பார்க்கக் கூடாது. சொல்லணும்.”

“பார்க்கட்டும் விடுங்க சார்,” என்றார் நடிகர், குரலைச் சாதாரணமாக்கிக்கொண்டு. “எனக்கும் கொஞ்ச நாளா நிஜமாவே இந்தப் பக்கம் அடைச்ச மாதிரிதான் இருக்கு. சிஸ்டர், உள்ளே ஏதாவது தெரியுதா?”

“அது உங்க வசனத்துல இல்ல!” தட்டல் சார் எழுந்துவிட்டார்.

“தெரியுதுங்க,” என்றாள் ஊசியக்கா. “ஆனா நான் பார்க்கிறது நல்லதா கெட்டதான்னுதான் தெரியல. இதுக்கு முன்னாடி பார்த்ததில்ல. சார், நீங்க வந்து கொஞ்சம் பாருங்களேன்.”

தட்டல் சார் வரவில்லை. அவரும் பார்த்ததில்லை.

முடிவு மறுநாள் ஒட்டப்பட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை: பூஜ்யம். அனுமதியின்றி நோயாளியைத் தொட்டது: குறை மதிப்பெண். மொத்தத்தில் அவள் பூஜ்யத்துக்கும் கீழே போயிருந்தாள். கல்லூரி வரலாற்றில் முதல் தோல்வி அதுதான்.

“காதைப் பார்த்ததுக்கா பெயிலு?” என்று கம்பளி கேட்டாள். அவள் முதல் வகுப்பில் தேறியிருந்தாள். “வாடி, மேல்முறையீடு பண்ணு. சென்டரைப் பூட்டப் போறாங்கன்னு அழு. கொஞ்சம் சத்தமாவே அழு.”

மேல்முறையீட்டுக் கூட்டத்தில் முதல்வரும் தட்டல் சாரும் இருந்தார்கள். சுகாதாரத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட வேண்டும் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. ஓரத்தில் ஒரு தட்டச்சர், பேசுகிறதையெல்லாம் பேசப்பேச அடித்துக்கொண்டிருந்தார்.

“இந்த மாணவியின் நடத்தை மிக ஆபத்தானது,” என்றார் முதல்வர். “இன்று காதைப் பார்த்தார். நாளை வாயைத் திறக்கச் சொல்வார். எல்லாரும் இப்படிச் செய்யத் தொடங்கினால், செய்யத் தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் என்று இரண்டு வகுப்பு உண்டாகிவிடும். இந்தக் கல்லூரியில் எல்லாரும் சமம்.”

“நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்று அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டார்.

ஊசியக்கா எழுந்து முதல்வர் பக்கம் திரும்பினாள். அழ வேண்டும் என்று நினைத்துத்தான் வந்தாள். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

“என்னத்தைச் சொல்றது மேடம்? பார்க்காதவங்க பார்த்தேன்னு சொன்னாங்க, பாஸாயிட்டாங்க. பெருக்காத அம்மா பெருக்கினேன்னு சொல்லுது, நீங்களும் சரிங்கறீங்க. நான் மட்டும்தான் சொல்லல, அதுதானே என் குத்தம்? சரி, இப்போ சொல்லிடறேன், கேட்டுக்கோங்க. நான் பாஸ் பண்ணிட்டேன்!”

தட்டச்சர் அதையும் அடித்தார். அடித்துவிட்டு, பழக்க தோஷத்தில், பக்கத்தில் ‘ஆயிற்று’ என்றும் அடித்தார்.

“அது செல்லாது!” என்றார் முதல்வர்.

“ஏன் செல்லாது?” அதிகாரி முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். “வர்ற வழியில சுவத்துல பித்தளை எழுத்துல பார்த்தேனே. சொன்னா செஞ்சதாகும்னுதானே போட்டிருக்கு?”

“அது திறன்களுக்கு மட்டும்தான்.”

“பாஸ் பண்றது திறன் இல்லையா?”

தட்டல் சார் முதல்வர் பக்கம் சாய்ந்து எதையோ கிசுகிசுத்தார். சொன்னால் செய்ததாகாது என்று இந்தக் கூட்டம் எழுதி வைத்துவிட்டால், கம்பளியின் முதல் வகுப்பு போய்விடும். அதற்கு முந்தைய அணிகளின் பட்டங்களும் போய்விடும். அந்த அணிகளில்தான் தட்டல் சாருடைய பட்டமும் இருந்தது. முதல்வருடைய பட்டமும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

“தேர்ச்சி இயல்பாக உள்ளது,” என்றார். “அடுத்தது.”

நடந்தது என்னவென்று ஊசியக்காவுக்குப் புரிவதற்குள் அதிகாரி சாப்பிடப் போய்விட்டார். வெளியே காத்திருந்த கம்பளிதான் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

“அழச் சொன்னா மிரட்டிட்டு வந்திருக்கியே, அடிப்பாவி!”

“நான் யாரையும் மிரட்டலடி. கோவத்துல வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.”

“அதைத்தான் இங்க வருஷம் பூரா சொல்லிக் கொடுத்தாங்க.”

ஜனவரி இரண்டாம் தேதி, சிமெண்ட் ஆலைக்குப் பின்னாலிருந்த சுகாதார நிலையம் வழக்கமான நேரத்துக்குத் திறந்தது. முதுநிலைச் செவிலியர் ஒருவர் பணியில் இருப்பதாகத் துறை அறிவித்தது. பட்டத்தோடு காது பார்க்கும் கருவி ஒன்றும் அனுப்பியிருந்தார்கள். அன்று காதுவலியோடு மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேர் காதையும் ஊசியக்கா பார்த்தாள். ஒருவர் காதில் பஞ்சு இருந்தது, எடுத்துவிட்டாள். மற்ற இரண்டு பேர் காதிலும் இருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. அவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள்.